கொஞ்சம் குதியுங்கள், படம் எடுக்கிறேன்!

உங்கள் வீட்டில் பழைய புகைப்பட ஆல்பம் இருந்தால் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். தாத்தாவும் பாட்டியும் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படம் ஒன்று அதில் இருக்கக்கூடும். தாத்தா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நின்றிருப்பார். இருவர் முகத்திலும் சிரிப்பு இராது. கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டாருக்கும் பிள்ளை வீட்டாருக்கும் அனுப்பப்பட்ட படங்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன.

இப்போது உங்கள் அண்ணனோ அக்காவோ கைபேசியில் வைத்திருக்கும் படங்களைப் பாருங்கள். கடற்கரையில் துள்ளிக் குதிக்கும் படம், மிதிவண்டியில் விரையும் படம், பந்தை எட்டிப் பிடிக்கும் படம் என்று எல்லாவற்றிலும் ஓட்டமும் ஆட்டமும்தான்! இணையத்தில் வரன் தேடுகிறவர்களும் நட்புத் தேடுகிறவர்களும்கூட இப்படிப்பட்ட படத்தையே விரும்பி வைக்கிறார்கள். முன்பின் பாராத ஒருவர் நம்மை முதன்முதலில் காண்பது அந்தப் படத்தில்தான். ஆகவே அது அழகாக அமைய வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை.

ஆனால் நடப்பது என்ன? பத்துப் படம் எடுத்தால் ஒன்பது கெட்டுப் போகின்றன. ஒன்றில் கை கால்கள் புகை போல் மங்கிக் கிடக்கின்றன. இன்னொன்றில் குதித்தவர் தரைக்கே வந்து சேர்ந்துவிட்டார். மற்றொன்றில் கண் பாதி மூடியிருக்கிறது. இது ஏன்? ஓடும் பொருளைப் படத்தில் நிறுத்துவது எப்படி? அப்படி நிறுத்திய படம் காட்டுவதெல்லாம் மெய்தானா? வாருங்கள், பார்ப்போம்.

காலியாகிப் போன தெரு

1838-ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரில் லூயி டாகேர் என்பவர் தம் வீட்டு ஜன்னலிலிருந்து கீழே தெரிந்த பெரிய வீதியைப் படம் எடுத்தார். பகல் நேரம். வீதியில் குதிரை வண்டிகளும் மனிதர்களும் போய்க்கொண்டிருந்தனர். ஆனால் படத்தைப் பார்த்தால் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது! வண்டிகள் எங்கே? மக்கள் எங்கே? ஒரே ஒரு மனிதர் மட்டும் ஓரத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. டாகேர் பயன்படுத்திய தகட்டில் ஒளி பதிவதற்குப் பல நிமிடங்கள் ஆயின. அந்த நிமிடங்களில் ஓரிடத்தில் நில்லாமல் நகர்ந்துகொண்டே இருந்த எதுவும் தகட்டில் தங்கவில்லை. அந்த ஒரு மனிதரோ பூட்சுக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக அசையாமல் நின்றார். அதனால் அவர் மட்டும் பதிந்துவிட்டார். புகைப்படத்தில் பதிந்த மனிதர்களுள் அவரே முதல்வர் என்று கருதுகிறார்கள்.

முதல் காமிராக்களுக்கு அசைவு என்பதே தெரியாது என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா? முகத்தைப் படம் எடுப்பவர்கள், தலை ஆடாமலிருக்கப் பின்னால் ஓர் இரும்புக் கவ்வியை வைத்துத் தாங்கிப் பிடித்த காலம் அது. அப்படி உட்கார்ந்திருப்பவருக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

குதிரையின் நான்கு கால்கள்

குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது அதன் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையைவிட்டு எழும்புகின்றனவா? இந்தக் கேள்வி 19-ஆம் நூற்றாண்டில் பலரைக் குழப்பியது. மனிதக் கண்ணால் அந்தக் கால்களின் ஓட்டத்தைத் தொடர முடியவில்லை. ஓவியர்கள் மட்டும் தயங்கவில்லை. முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னே நீட்டி, குதிரை காற்றில் மிதப்பது போல் வரைந்தார்கள். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-இல் தீட்டிய எப்சம் குதிரைப் பந்தய ஓவியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பார்ப்பதற்கு அது கம்பீரமாகவே இருக்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லீலண்ட் ஸ்டான்போர்டு என்ற செல்வர் இருந்தார். அவர் அம்மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். ரயில்பாதைக் கம்பெனியின் தலைவர். உயர்சாதிக் குதிரைகளை வளர்ப்பவர். இந்தக் கேள்விக்கு விடை காணும்படி எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரரை அவர் ஏற்பாடு செய்தார். ஸ்டான்போர்டு பெருந்தொகைக்குப் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. ஆனால் அதற்குத் தக்க ஆதாரம் கிடைக்கவில்லை.

1878-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாலோ ஆல்டோ என்ற இடத்தில் இருந்த குதிரைப் பண்ணையில் சோதனை நடந்தது. ஓடுபாதையின் ஓரத்தில் 12 காமிராக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையே 27 அங்குலம். பாதையின் குறுக்கே நூல்கள் கட்டியிருந்தன. சாலி கார்ட்னர் என்ற குதிரை ஓடி வந்து ஒவ்வொரு நூலாக அறுக்க, அந்தந்தக் காமிராவின் ஷட்டர் ஒரு கணம் திறந்து மூடியது. ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழுந்த நேரம் 1/2000 விநாடிக்கும் குறைவு என்று மைபிரிட்ஜ் குறித்து வைத்தார். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ 1/25 விநாடி.

இந்த எண்களிலிருந்து குதிரையின் வேகத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். 27 அங்குலம் என்றால் சுமார் 68.6 சென்டிமீட்டர். அதை 1/25 விநாடியில் கடந்தால், ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர். அதாவது மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர்!

விடை என்ன? ஆம், நான்கு கால்களும் தரையைவிட்டு எழும்பத்தான் செய்கின்றன. ஆனால் ஓவியர்கள் வரைந்தது போல் கால்கள் நீண்டிருக்கும்போது அல்ல. நான்கு கால்களும் வயிற்றுக்கு அடியில் ஒன்றுசேர்ந்து மடங்கியிருக்கும்போது! அந்தப் படம் கம்பீரமாகத் தோன்றவில்லை. குதிரை கால் தடுக்கிச் சுருண்டது போல் இருந்தது. ஆனாலும் அதுவே மெய். கண்ணுக்கு இனிய ஓவியம் பொய்யாகவும், கண்ணுக்கு ஒவ்வாத படம் மெய்யாகவும் இருந்தன. பிறகு ஓவியர்கள் பலர் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மீண்டும் இதற்கு வருவோம்.

மங்கலுக்கு ஒரு கணக்கு

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் பொருள் எவ்வளவு தூரம் நகர்கிறதோ அவ்வளவு தூரத்துக்கு அதன் உருவம் படத்தில் இழுபட்டுப் பதிகிறது. மங்கல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

உங்கள் நண்பர் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் மிதிவண்டி ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 5 மீட்டர். ஷட்டர் 1/50 விநாடி திறந்திருந்தால் அவர் அதற்குள் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். 1/500 விநாடி என்றால் 1 சென்டிமீட்டர். 1/1000 விநாடி என்றால் அரை சென்டிமீட்டர்.

படத்தின் அகலத்துக்குள் 5 மீட்டர் நீளமுள்ள காட்சி அடங்குகிறது. அதை 15 சென்டிமீட்டர் அகலமுள்ள தாளில் அச்சிடுகிறோம் என்று கொள்ளுங்கள். அப்போது 10 சென்டிமீட்டர் நகர்ச்சி தாளில் 3 மில்லிமீட்டராகத் தெரியும். முகத்தில் மூக்கையும் கண்ணையும் அடையாளம் காண முடியாமல் அழித்துவிட இது போதும். 1/1000 விநாடியில் எடுத்தால் மங்கல் 0.15 மில்லிமீட்டர்தான். அதைக் கண்டுபிடிக்க உற்றுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கணக்கு, மிதிவண்டி உங்கள் முன்னே குறுக்காகப் போகும்போதுதான் பொருந்தும். அது உங்களை நோக்கி நேராக வந்தால் உருவம் பக்கவாட்டில் நகர்வதில்லை. சிறிது பெரிதாகிறது, அவ்வளவே. ஆகவே அதே ஷட்டர் நேரத்தில் மங்கல் மிகக் குறைந்துவிடும். விளையாட்டுப் போட்டிகளைப் படம் எடுப்பவர்கள் ஓட்டப்பாதையின் முடிவுக்கோட்டுக்கு அப்பால் போய் உட்காருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. மிதிவண்டி போகும் திசையிலேயே, அதே வேகத்தில், காமிராவையும் திருப்பிக்கொண்டே வந்தால் என்ன ஆகும்? காமிராவைப் பொறுத்தவரை மிதிவண்டி நின்றுவிட்டது. பின்னால் உள்ள மரமும் சுவரும் ஓட ஆரம்பித்துவிட்டன! 1/30 விநாடியில் எடுத்தால்கூட ஓட்டுபவர் தெளிவாக விழுவார்; பின்னணி மட்டும் கோடு கோடாக இழுபடும். படத்தைப் பார்த்ததுமே ‘என்ன வேகம்!’ என்று தோன்றும்.

காலத்தை வெட்டும் ஒளி

‘அப்படியானால் எப்போதும் 1/1000 விநாடியிலேயே எடுத்துவிடலாமே?’ என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். ஷட்டர் நேரம் பாதியானால் உள்ளே வரும் ஒளியும் பாதியாகிறது. நண்பகல் வெயிலில் இது பெரிய குறையல்ல. ஆனால் வெயிலில் உள்ள ஒளி, இரவில் குழல்விளக்கு எரியும் அறையில் உள்ள ஒளியைப்போல் பல நூறு மடங்கு. நம் கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு சமாளிப்பதால் இந்த வேறுபாடு நமக்கு அவ்வளவாக உறைப்பதில்லை. காமிராவுக்கு உறைக்கிறது. அது வேறு வழியின்றி ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கிறது. காலையில் விளையாட்டு மைதானத்தில் கத்தி போல் விழுந்த படம், இரவில் கல்யாண மண்டபத்தில் புகையாகிப் போவதன் இரகசியம் இதுதான்.

ஷட்டரை விட்டுவிட்டு ஒளியையே வெட்டினால் என்ன? 1851-ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹென்றி பாக்ஸ் டால்பட் என்ற ஆங்கிலேயர் இதைச் செய்து பார்த்தார். ஒரு சக்கரத்தில் செய்தித்தாள் துண்டை ஒட்டி வேகமாகச் சுழலவிட்டு, இருட்டில் ஒரு மின்பொறியின் வெளிச்சத்தில் மட்டும் படம் எடுத்தார். எழுத்துகள் தெளிவாக விழுந்தன. பொறி மின்னிய அந்தச் சிறு கணம் மட்டுமே படத்தில் பதிந்தது. மற்ற நேரமெல்லாம் இருட்டு.

20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹெரால்டு எட்ஜர்ட்டன் இந்த முறையை உச்சத்துக்குக் கொண்டுபோனார். அவருடைய மின்னொளி, விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் வரை சுருங்கக்கூடியது. பால்துளி விழுந்து கிரீடம் போல் தெறிக்கும் அவருடைய 1957-ஆம் ஆண்டுப் படமும், துப்பாக்கிக் குண்டு ஆப்பிளைத் துளைத்து வெளியேறும் 1964-ஆம் ஆண்டுப் படமும் உலகப் புகழ் பெற்றவை. குண்டின் வேகம் விநாடிக்கு 850 மீட்டர் என்று கொண்டாலும், அந்த நேரத்தில் அது நகர்வது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு!

உச்சியில் ஓர் ஓய்வு

குண்டை விடுங்கள், நம் நண்பர் குதிப்பதைப் பார்ப்போம். அவர் 45 சென்டிமீட்டர் உயரம் எம்பிக் குதிக்கிறார். கிளம்பும்போது அவர் வேகம் விநாடிக்குச் சுமார் 3 மீட்டர். மேலே போகப் போகப் புவியீர்ப்பு அந்த வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. உச்சியில் ஒரு கணம் வேகம் சைபர். பிறகு கீழ்நோக்கி வேகம் கூடுகிறது. ஏற 0.3 விநாடி, இறங்க 0.3 விநாடி, ஆக மொத்தம் 0.6 விநாடிதான் அவர் காற்றில் இருக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த 0.6 விநாடியில் சரிபாதி, அதாவது 0.3 விநாடி, அவர் உச்சியை ஒட்டிய 11 சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கிறார்! கீழே உள்ள 34 சென்டிமீட்டரை ஏறவும் இறங்கவும் மீதிப் பாதி நேரம் போதுமானதாக இருக்கிறது. தூரம் என்பது நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, அதுதான் இங்கே வேலை செய்கிறது. நேரத்தைப் பாதியாக்கினால் தூரம் கால் பங்காகிறது.

ஆகவே உச்சியில் படம் எடுத்தால் இரண்டு நன்மை. அவர் மிக உயரத்தில் இருப்பார் என்பது ஒன்று. அப்போது அவர் உடல் ஏறக்குறைய நின்றிருப்பதால் மங்கல் குறைவு என்பது மற்றொன்று. ஷட்டர் 1/100 விநாடி திறந்திருந்தால், கிளம்பும் கணத்தில் 3 சென்டிமீட்டர் மங்கல் விழும். உச்சிக்கு 1/20 விநாடி முன்னோ பின்னோ எடுத்தால் அரை சென்டிமீட்டர்தான் விழும்.

முழங்காலைப் பின்னால் மடக்கினால் பாதம் இன்னும் சுமார் 35 அல்லது 40 சென்டிமீட்டர் மேலே போய்விடும். குதித்த உயரம் கூடவில்லை. ஆனால் பார்ப்பவர் பாதத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைத்தானே பார்க்கிறார்! பாலே நடனக்காரர்கள் காற்றில் மிதப்பது போல் தோன்றுவதற்கும் இது போன்ற ஒரு காரணம் உண்டு. உச்சியில் அவர்கள் கால்களை அகல உயர்த்துகிறார்கள். உடலின் எடைமையம் தன் வளைபாதையில் ஏறி இறங்கத்தான் செய்கிறது. ஆனால் கால்கள் உயர்ந்ததால் அந்த மையம் உடலுக்குள் சற்று மேலே நகர்கிறது. அதனால் தலை கொஞ்ச நேரம் ஒரே மட்டத்தில் போகிறது. நம் கண் தலையையே பார்ப்பதால், மிதக்கிறார் என்று எண்ணிவிடுகிறது.

விரல் ஏன் பிந்துகிறது?

‘உச்சிக்கு வந்ததும் அமுக்கினேன், ஆனால் படத்தில் இறங்கிவிட்டாரே!’ என்று புலம்பியிருக்கிறீர்களா? தவறு உங்கள் விரலில் இல்லை. கண் பார்த்த செய்தி மூளைக்குப் போய், மூளை கட்டளையிட்டு, விரல் அசைய ஏறக்குறைய கால் விநாடி ஆகிறது. உச்சியிலிருந்து கால் விநாடியில் ஒருவர் எவ்வளவு கீழே விழுவார்? சுமார் 31 சென்டிமீட்டர். ஏறிய 45-இல் மிஞ்சுவது வெறும் 14!

ஆகவே பார்த்த பிறகு அமுக்குவது உதவாது. முன்கூட்டியே அமுக்க வேண்டும். அதற்கு எளிய வழி எண்ணுவது. ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று இருவரும் சேர்ந்து எண்ணினால் மூளை அடுத்த கணத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

1948-இல் பிலிப் ஹால்ஸ்மன் என்ற புகைப்படக்காரர், ஓவியர் சல்வடோர் தாலியை வைத்து எடுத்த படம் இந்த உத்திக்குப் பேர்போனது. நாற்காலி மிதக்கிறது, மூன்று பூனைகள் பறக்கின்றன, வாளித் தண்ணீர் வளைந்து பாய்கிறது, நடுவே தாலி அந்தரத்தில் குதிக்கிறார். மூன்று என்றதும் உதவியாளர்கள் பூனைகளையும் தண்ணீரையும் வீசினார்கள். நான்கு என்றதும் தாலி குதித்தார். எல்லாம் ஒருசேரச் சரியாக அமைய 28 முறை எடுக்க வேண்டியிருந்தது. பூனைகளின் பாடு என்னவாயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

இன்றைய கைபேசி இந்த வேலையை எளிதாக்கியிருக்கிறது. பொத்தானை அமுக்கிப் பிடித்தால் பல கைபேசிகள் விநாடிக்குப் பத்துப் படமாவது எடுக்கின்றன. அப்படியானால் 0.6 விநாடிக் குதிப்பில் ஆறு படம் கிடைக்கும். அவற்றில் ஒன்றாவது உச்சிக்கு 1/20 விநாடிக்குள் அமைந்தே தீரும். அந்தப் படத்தில் நண்பர் உச்சியைவிட 1.2 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கமாட்டார்.

முகம் மலரும் கணம்

ஹால்ஸ்மனுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. 1950-களில் அவர் தம்மிடம் படம் எடுத்துக்கொள்ள வந்த பெரிய மனிதர்களை எல்லாம், ‘கொஞ்சம் குதியுங்கள்’ என்று கேட்க ஆரம்பித்தார். அப்போது அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த நிக்சன் குதித்தார். அணுகுண்டு ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் ஒரு கையை மேலே நீட்டிக் குதித்தார். இங்கிலாந்தின் அரச பட்டத்தைத் துறந்த வின்ட்சர் கோமகனும் மனைவியோடு சேர்ந்து குதித்தார்! 1959-இல் இப்படங்கள் புத்தகமாக வந்தன. இந்த ஆராய்ச்சிக்குக் ‘குதிப்பியல்’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார் ஹால்ஸ்மன்.

ஏன் குதிக்கச் சொன்னார்? குதிக்கும்போது ஒருவரின் கவனமெல்லாம் குதிப்பதிலேயே போய்விடுகிறது. ‘நான் எப்படித் தெரிகிறேன்?’ என்ற நினைப்பு விலகிவிடுகிறது. அப்போது அவருடைய இயல்பான முகம் வெளிவருகிறது என்பது அவர் கருத்து. ஓடி ஆடும் படங்களில் நம் நண்பர்கள் அழகாகத் தெரிவதற்கு இதுவே முக்கியமான காரணம்.

ஆனால் இங்கேயும் ஓர் எச்சரிக்கை. 2012-இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் சிலர், ஒருவர் பேசும் சலனப்படத்தையும், அதிலிருந்து பிரித்தெடுத்த தனித்தனிப் படங்களையும் பலரிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். சலனப்படத்தில் நன்றாகத் தெரிந்த அதே முகம், நிறுத்திய தனிப்படங்களில் குறைவான மதிப்பெண்ணே பெற்றது. பேசும் வாய் பாதி திறந்த நிலையிலோ, இமை பாதி மூடிய நிலையிலோ உறைந்து நின்றால் அழகாக இராதல்லவா? ஆகவே நூறு படத்தில் தொண்ணூறு நன்றாக வரவில்லை என்றால், ‘என் முகமே இப்படித்தான்’ என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. அந்தத் தொண்ணூறும் நேரில் எவரும் ஒருபோதும் பார்க்காத கணங்கள்.

காமிராவின் உயரமும் தூரமும்

சமதரையில் எடுத்த எந்தப் படத்திலும் அடிவானக் கோடு ஒவ்வொரு பொருளையும் காமிராவின் உயரத்தில்தான் வெட்டும். காமிராவைத் தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்திருந்தால், அடிவானக் கோடு எல்லாப் பொருள்களிலும் 150 சென்டிமீட்டர் உயரத்தில் செல்லும். அருகில் நிற்பவரானாலும் தொலைவில் நிற்பவரானாலும் இதுவே விதி. அப்போது 45 சென்டிமீட்டர் எம்பியவரின் பாதம் கோட்டுக்கு வெகு கீழே, தரையின் மேல்தான் தெரியும். குதித்தாரா, நின்றாரா என்றே சந்தேகம் வரும்.

காமிராவை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தாழ்த்துங்கள். இப்போது பாதம் அடிவானத்துக்கு மேலே போய்விட்டது. காலுக்குக் கீழே வானம் தெரிகிறது! குதித்தது அதே 45 சென்டிமீட்டர்தான். பார்ப்பவருக்கோ பறப்பது போல் இருக்கும்.

தூரமும் இப்படியே. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே முன்பின்னாகச் சுமார் 12 சென்டிமீட்டர் உண்டு. காமிரா மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால் காதிலிருந்து 42 சென்டிமீட்டரில் இருக்கும். ஆகவே காதை ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் இந்த விகிதம் 1.08-ஆகக் குறையும். தாமே கைநீட்டி எடுத்துக்கொள்ளும் படத்தில் மூக்கு பெருத்துத் தெரிவதும், நண்பர் தள்ளி நின்று எடுத்த படத்தில் முகம் இயல்பாக இருப்பதும் இதனால்தான்.

சில சமயம் காமிரா உருவத்தையே வளைத்துவிடும். பிரான்சைச் சேர்ந்த லார்திக் என்பவர் 1910-களில் எடுத்த ஒரு பந்தயக் காரின் படத்தில் சக்கரம் முட்டை வடிவில் முன்னே சாய்ந்திருக்கிறது. வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். அந்தக் காமிராவின் ஷட்டர் ஒரு மெல்லிய பிளவாகப் படத்தின் குறுக்கே நகர்ந்தது. பிளவு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் கார் நகர்ந்துவிட்டது. லார்திக் காமிராவையும் கார் போகும் பக்கம் திருப்பியதால் கூட்டத்தினர் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். இன்றைய கைபேசிகள் பெரும்பாலானவையும் படத்தை வரிசை வரிசையாகவே படிக்கின்றன. சுழலும் மின்விசிறியை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் பாருங்கள். இறக்கைகள் வாழை இலை போல் வளைந்து தெரியக்கூடும்.

மெய்யும் பொய்யும்

இப்போது குதிரைக்குத் திரும்புவோம். கண்ணுக்கு இனிய ஓவியம் பொய். ஒவ்வாத படம் மெய் என்று பார்த்தோமே! நம் படங்கள் எப்படி?

தாழ்ந்த கோணத்தில் எடுத்த குதிப்புப் படம் பொய்யா? ஒளி நேர்கோட்டில்தான் வந்தது. காமிரா உள்ளதைத்தான் பதித்தது. ஆனால் எந்தக் கணம், எந்தக் கோணம், எந்தத் தூரம் என்று தேர்ந்தெடுத்தவர் மனிதர். தினமும் மிதிவண்டியில் போகிறவர் தம் நூறு படங்களுள் நல்ல ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதில் பொய் இல்லை, அதுவும் அவரேதான். ஓட்டவே தெரியாத மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி, அதன்மேல் சாய்ந்து படம் எடுத்து, ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு அனுப்பினால்? படத்தில் ஒரு புள்ளியும் பொய்யில்லை. ஆனால் படம் சொல்லும் செய்தி பொய். அந்தப் படத்தை நம்பி ஒருவர் நட்பு கொள்ளப்போகிறார், சில சமயம் வாழ்க்கையையே ஒப்படைக்கப்போகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவே ஒரு படத்தைப் பார்க்கும்போது, ‘இது எங்கிருந்து எடுத்தது? இதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்திருக்கும்?’ என்று கேட்கப் பழகுங்கள்.

இன்னொரு விஷயம் உயிரைப் பற்றியது. ரயில் தண்டவாளம், அருவிப் பாறை, மொட்டைமாடி விளிம்பு ஆகிய இடங்களில் படம் எடுக்கப் போய் உயிரிழந்தவர்கள் பலர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் 100 மீட்டரை 4 விநாடியில் கடந்துவிடும். கண் திரையிலேயே இருக்கும்போது அந்த 4 விநாடி போவது தெரியாது. காமிராவைத் தாழ்த்திப் பிடித்தால் பள்ளி மைதானத்திலேயே வானத்தில் பறக்கலாம் என்பதை அறிந்தவர்களுக்கு மலை விளிம்பு எதற்கு?

செய்து பாருங்கள்

வீட்டுப் பெரியவரின் கைபேசியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல வெயில் வேளையில், மெத்தென்ற மணல் உள்ள இடத்தில், நண்பர் ஒருவரைக் குதிக்கச் சொல்லுங்கள்.

1. காமிராவை முதலில் உங்கள் கண் உயரத்திலும், பிறகு தரைக்கு ஒரு சாண் மேலேயும் பிடித்து எடுங்கள். அடிவானமோ தூரத்து மதிலின் அடியோ எந்த இடத்தில் வெட்டுகிறது என்று ஒப்பிடுங்கள்.

2. ஒரு முறை, உச்சியைக் கண்ட பிறகு அமுக்குங்கள். இன்னொரு முறை, எண்ணி அமுக்குங்கள். மூன்றாவது முறை, தொடர்ந்து பல படம் எடுங்கள். எது உச்சிக்கு அருகில் அமைந்தது?

3. அதே குதிப்பை மாலை மங்கிய பிறகு எடுங்கள். எந்த உறுப்பு அதிகம் மங்குகிறது? தலையா, கையா, பாதமா? ஏன்?

4. நண்பர் முகத்தை ஒரு சாண் தொலைவிலிருந்தும், ஏழு சாண் தொலைவிலிருந்தும் எடுத்து, இரண்டிலும் முகம் ஒரே அளவாகத் தெரியும்படி பெரிதாக்குங்கள். மூக்கின் அகலத்தை அளவுகோலால் அளந்து விகிதத்தைக் கண்டுபிடியுங்கள்.

எடுத்த படங்களை நண்பரின் சம்மதமில்லாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். அவற்றுள் உங்களுக்குப் பிடித்த ஒன்றையும், நண்பருக்குப் பிடித்த ஒன்றையும் தனித்தனியே தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா? இல்லையென்றால் ஏன் என்று இருவரும் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். நீங்கள் நண்பரைத் தினமும் நேரில் பார்க்கிறீர்கள். அவரோ தம் முகத்தைக் கண்ணாடியில்தான் பார்க்கிறார். ஆகவே அவரை அவராகக் காட்டும் படம் எது என்பதைச் சொல்ல அவரைவிட நீங்களே ஏற்றவர்.